பெரிய தலையும் வராது, வளைந்த விரலும் வராது: மனிதன் இனி எப்படி மாறுவான்?

"ஒரு லட்சம் வருடம் கழித்து மனிதன் எப்படி இருப்பான்? பெரிய தலை, ஒல்லி உடம்பு, போன் பிடித்துப் பிடித்து மடங்கிப்போன விரல் என்று ஒரு படம் சுற்றுகிறதே, அப்படி ஆகிவிடுவோமா? இல்லை, மருத்துவம் இவ்வளவு வளர்ந்த பிறகு பரிணாமமே நின்றுவிட்டதா?" இதுதான் கேள்வி. மரபியல் பாடம் எடுக்கிற எனக்கு வருடா வருடம் ஏதாவது ஒரு வடிவில் வருகிற கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்தப் படத்தில் இருப்பது போல ஆக மாட்டோம். பரிணாமம் நிற்கவும் இல்லை.

முதலில் விரல். போனைப் பிடித்து என் விரல் வளைந்தால் அது என்னோடு முடிந்தது. பிள்ளைக்குப் போவது விந்தணுவிலும் கருமுட்டையிலும் இருக்கிற டி.என்.ஏ, அதற்கு என் விரலுக்கு என்ன ஆனது என்று தெரியாது. உழைக்கிற உறுப்பு வளரும், சும்மா கிடக்கிற உறுப்பு தேயும், அது அப்படியே பிள்ளைக்கும் போகும் என்று 1800களின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் நம்பினார். அந்த நம்பிக்கை நம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வளைந்த விரல் மனித இனத்தில் பரவ வேண்டுமென்றால், பிறவியிலேயே அப்படி விரல் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளும் பிழைத்துப் பெருக வேண்டும். போன் கையில் நன்றாக உட்காருகிறது என்பதற்காக யாருக்கும் கூடுதலாக ஒரு குழந்தை பிறக்காது. பரிணாமம் போடுகிற கணக்கு ஒன்றுதான்: யாருக்கு எத்தனை பேரப்பிள்ளைகள். இந்தப் பதில் முழுக்க அந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மேசைமேல் வையுங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை லேசாக மேலே மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்து எழும்புகிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் என்கிற தசையின் நாண். எழும்பவே இல்லை என்றால் அநேகமாக உங்களுக்கு அந்தத் தசை கிடையாது, அதனால் கவலைப்படவும் வேண்டாம், ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு அது இருப்பதில்லை. சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறு கையில் இருக்காது. இல்லாதவர்கள் பிடியில் சொல்லும்படி எந்த வலுக் குறைவும் தெரிவதில்லை. உடம்பில் வேறு எங்காவது நாண் அறுந்து ஒட்டுப் போட வேண்டியிருந்தால் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் பல நேரம் இதைத்தான் எடுப்பார்கள்.

வகுப்பில் இதைச் செய்யச் சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக வரும்: "அப்போ இன்னும் சில ஆயிரம் வருடத்தில் எல்லோருக்கும் இது போய்விடுமா?" போகலாம், போகாமலும் இருக்கலாம். தசை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பேரப்பிள்ளைகள் ஒரே எண்ணிக்கையில் இருந்தால், அதை ஒழிப்பதற்கும் யாரும் இல்லை, காப்பதற்கும் யாரும் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை அதன் விகிதம் தற்செயலாகக் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், அதுவும் 800 கோடிப் பேர் உள்ள கூட்டத்தில் மிக மிக மெதுவாக. ஞானப்பல்லுக்கும் கால் சுண்டுவிரலுக்கும் இதே பதில்தான். தேவையில்லை என்பது மறைந்துபோவதற்குப் போதுமான காரணம் இல்லை.

அப்புறம் பெரிய தலை. மூளை நம் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு செலவழிக்கிற ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. போதாததற்கு அந்தத் தலை தாயின் இடுப்பெலும்பு வழியாக வெளியே வர வேண்டும். அந்த இடம் எவ்வளவு நெருக்கம் என்றால், குழந்தை நேராக வர முடியாமல் திரும்பித் திரும்பித்தான் வெளியே வருகிறது. சிசேரியன் வந்த பிறகு இந்தத் தடை தளர்ந்ததே, இனித் தலை பெரிதாகலாமே என்று கேட்பது நியாயமான கேள்வி. 2016-ல் வியன்னாவில் மிட்டரோக்கர் குழு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது: இடுப்புக்கும் குழந்தைக்கும் பொருந்தாமல் போகிற பிரசவங்கள் சிசேரியனின் விளைவாக 3 சதவீதத்திலிருந்து 3.3, 3.6 என்ற அளவுக்கு ஏறியிருக்கலாம் என்றது. அது கணிதக் கணிப்பு, யாரும் நேரில் அளந்தது இல்லை. அந்தக் கணிப்பிலும் ராட்சதத் தலை எதுவும் வரவில்லை. இன்னொரு பக்கம், பனியுகக் கால மண்டையோடுகளோடு ஒப்பிட்டால் நம் மூளை சற்றுச் சிறியது என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு (எப்போது, எவ்வளவு என்பதில் சண்டை ஓயவில்லை). தலை பெருத்துக்கொண்டே போகிறது என்பதற்கு எலும்பில் ஆதாரம் இல்லை.

சரி, நின்றுவிட்டதா என்ற பகுதிக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம்.

மனித வரலாற்றின் பெரும்பகுதியில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி வளர்ந்து ஆளாகும் முன்பே செத்துப்போனது. இன்று உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து வயதுக்குள் இறப்பது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஆக, சாவு பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்த வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது, அது உண்மை. லண்டனில் மரபியல் பேராசிரியராக இருந்த ஸ்டீவ் ஜோன்ஸ் 2008-ல் இப்படிப்பட்ட காரணங்களைச் சொல்லித்தான் மனிதப் பரிணாமம் முடிந்துவிட்டது என்றார். ஆனால் பேரப்பிள்ளைக் கணக்கில் சாவு ஒரு பாதிதான், மறுபாதி பிறப்பு. எல்லோரும் எழுபது வயது வாழ்ந்தாலும், ஒருவருக்குப் பிள்ளையே இல்லை, இன்னொருவருக்கு ஐந்து பிள்ளை என்றால் இயற்கைத் தேர்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் இதய நோய்க்காக ஒரு ஆய்வு தொடங்கி, அதே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறார்கள். கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், உயரம், எடை, எத்தனை பிள்ளைகள், மாதவிடாய் எப்போது நின்றது, எல்லாம் பதிவில் இருக்கிறது. ஸ்டீபன் ஸ்டெர்ன்ஸ் குழு 2010-ல் அந்தப் பதிவுகளை எடுத்து, எந்த உடல்வாகு கொண்ட பெண்களுக்கு அதிகப் பிள்ளைகள், அதில் மரபுவழியாக இறங்குவது எவ்வளவு என்று பார்த்தது. இதே போக்கு பத்துத் தலைமுறை நீடித்தால் அந்தப் பெண்களின் வழித்தோன்றல்கள் சராசரியாக 2 செ.மீ. குள்ளமாக, ஒரு கிலோ எடை கூடுதலாக, கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் சற்றுக் குறைவாக இருப்பார்கள். முதல் குழந்தையைப் பெறுகிற வயது ஐந்து மாதம் குறையும், மாதவிடாய் பத்து மாதம் தள்ளி நிற்கும். பத்துத் தலைமுறை என்றால் இருநூற்று ஐம்பது, முந்நூறு வருடம். அதன் பலன் இரண்டு சென்டிமீட்டர். பரிணாமம் சாதாரணமாக நடக்கும்போது அதன் வேகம் இவ்வளவுதான், தெருவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இல் ஓ கூத்ர் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே தேவாலயப் பதிவேட்டில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். 1799 முதல் 1940 வரை பார்த்தால், பெண்கள் முதல் குழந்தை பெற்ற வயது 26-லிருந்து 22-க்கு இறங்கியிருக்கிறது, அந்த இறக்கத்தில் மரபணுவுக்கும் கணிசமான பங்கு இருக்கிறது என்று 2011-ல் வந்த ஆய்வு காட்டியது. சீக்கிரம் பெற்றவர்களுக்கு அதிகம் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளிலும் சீக்கிரம் பெறுகிறவர்கள் அதிகம். ஒன்றரை நூற்றாண்டுக்குள்.

என் சொந்தக் கணிப்பு இங்கேதான் தொடங்குகிறது. கருத்தடை பரவிய பிறகு ஒருவருக்கு எத்தனை பிள்ளை என்பதை உடம்பைவிட மனசு அதிகம் தீர்மானிக்கிறது. குழந்தை வேண்டும் என்ற ஆசை எவ்வளவு, எந்த வயதில் வருகிறது, தள்ளிப்போடுகிற சுபாவம் உண்டா, இல்லையா. இந்தச் சுபாவங்களில் ஒரு சிறு பங்காவது மரபணுவில் இருந்தால், இன்றைக்கு மிக வேகமாக நகர்வது அதுவாகத்தான் இருக்க வேண்டும். வருகிற சில நூற்றாண்டுகளில், குழந்தை வேண்டும் என்று மனதார ஏங்குகிறவர்களின் வழித்தோன்றல்கள் உலகத்தில் கூடிக்கொண்டே போவார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடக்கிறது. சில ஆண்களுக்கு ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாததால் விந்தணு மிகக் குறைவாகவே உருவாகும். முன்பு அந்தக் குறை அந்த மனிதரோடு முடிந்துவிடும். 1992-ல் ஒற்றை விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்துகிற முறையில் முதல் குழந்தைகள் பிறந்தன. இன்று அப்படி அவருக்கு மகன் பிறந்தால் அதே ஒய் குரோமோசோம், அதே குறையோடு மகனுக்குப் போகும். மகனுக்கும் பிள்ளை வேண்டுமென்றால் அதே சிகிச்சை வேண்டும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது. தொழில்நுட்பம் பேரப்பிள்ளைக் கணக்கை எப்படி நேரடியாக மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பரிணாமத்துக்கு மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொரு குழந்தையும் அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத 60, 70 புதிய எழுத்துப் பிழைகளை டி.என்.ஏ-வில் சுமந்து பிறக்கிறது. அப்பாவுக்கு வயது ஏற ஏற, வருடத்துக்கு ஒன்றிரண்டு என்ற கணக்கில் அது கூடும். நம் மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்து, நாம் 800 கோடிப் பேர். பெருக்கிப் பாருங்கள்: உயிரைப் பறிக்காத எந்த ஒற்றை எழுத்து மாற்றமும் இந்த நிமிடம் உலகத்தில் யாரோ ஒருவர் உடம்பில், பெரும்பாலும் பலர் உடம்பில், புதிதாக முளைத்திருக்கும்.

"மருத்துவம் பலவீனமானவர்களையும் காப்பாற்றுவதால் மனித இனம் சீரழிகிறது, இயற்கைத் தேர்வு நடக்க விட வேண்டும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இயற்கைத் தேர்வு வேகமாக நடந்தால் எப்படி இருக்கும் என்று. பாப்புவா நியூகினியில் ஃபோரே மக்களிடம் இறந்த உறவினரின் உடலை உண்டு வழியனுப்புகிற வழக்கம் இருந்தது, அது அவர்கள் காட்டிய மரியாதை. அதன் வழியாக கூரு என்ற மூளை நோய் பரவியது. நடை தள்ளாடும், கை நடுங்கும், பிறகு விழுங்கவே முடியாமல் போய் ஒரு வருடத்துக்குள் மரணம். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம் செத்தார்கள், 1950களின் இறுதியில் வருடத்துக்கு இருநூறு பேர் வரை. சில ஊர்களில் இளம் பெண்களே அரிதாகிவிட்டார்கள். 2009-ல் சைமன் மீட் குழு பிழைத்தவர்களின் மரபணுவைப் பார்த்தபோது, பிரியான் புரதத்தின் (கூரு நோயில் உருக்கெட்டு மூளையைச் சிதைக்கும் புரதம்) 127-வது இடத்தில் ஒரு மாற்றம் இருந்தது. உலகத்தில் வேறு எங்கும் பார்த்திராத மாற்றம். 2015-ல் எலிகளில் வைத்துப் பார்த்தார்கள், அந்த நோய் அவற்றை அண்டவே இல்லை. சில தலைமுறைக்குள் நடந்த பரிணாமம் இது, பாடப்புத்தகத்தில் வைக்கலாம். அதற்கு அந்த மக்கள் கொடுத்த விலை தாய்மார்களும் பிள்ளைகளும். பரிணாமம் மெதுவாகிவிட்டதே என்று யாராவது வருத்தப்பட்டால், மெதுவாக இருப்பதற்கு நாம் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

இனி மரபணுத் திருத்தம். இதில் செய்திகள் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகின்றன. அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய்க்கு, கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் செய்கிற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, ஓர் இடத்தில் வெட்டி, குழந்தைப் பருவத்தில் நின்றுபோன கருநிலை ஹீமோகுளோபினை மறுபடி ஓட வைத்துத் திரும்ப ஏற்றுகிறார்கள். அற்புதமான வேலை. ஆனால் அந்த மாற்றம் ரத்தத்தோடு சரி, பிள்ளைக்குப் போகாது. பரிணாமக் கணக்கில் அது சேராது. சேர்வது கருவில் செய்கிற திருத்தம். 2018 நவம்பரில் சீனாவில் ஹே ஜியான்குய் இரட்டைப் பெண் குழந்தைகளுக்குக் கருவிலேயே சிசிஆர்5 என்ற மரபணுவைத் திருத்தியதாக அறிவித்தார், எச்.ஐ.வி. வராமல் இருக்கும் என்று. சிலருக்கு இயற்கையிலேயே அந்த மரபணுவில் 32 எழுத்து இல்லை, அவர்களை எச்.ஐ.வி. எளிதில் பிடிக்காது. அதே மாற்றம் அந்தக் குழந்தைகளிடம் அமையவில்லை, இதுவரை யாரிடமும் இல்லாத வேறு மாற்றங்கள் வந்துவிட்டன. அடுத்த வருடம் அவருக்கு மூன்று வருடச் சிறை. இன்னொன்று, சிசிஆர்5 வேலை செய்யாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் கடுமையாகும் அபாயம் அதிகம்.

எனக்குப் பயம் இங்கேதான். நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று பிரித்து வைக்க முடியாது. நம்மில் பலரிடம் அழிந்துபோன நம் நெருங்கிய உறவினமான நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த ஒரு துண்டு மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. கோவிட் கடுமையாவதற்கு மரபுவழிக் காரணங்களில் அது மிகப் பெரியது என்று 2020-ல் தெரிந்தது. அதே துண்டு உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்று குறைவு என்று 2022-ல் தெரிந்தது. 2019-ல் ஒருவர் கையில் திருத்தும் கத்தரி இருந்திருந்தால் எந்தப் பக்கம் வெட்டியிருப்பார்? எல்லோரும் ஒரே 'சிறந்த' வடிவத்துக்குப் பிள்ளைகளைத் திருத்திக்கொண்டால், அடுத்து வருகிற தெரியாத நோய் எல்லோரையும் ஒரே மாதிரி பிடிக்கும். கேட்டுச் செய்வதற்கு அந்தப் பிள்ளைகளும் அப்போது இல்லை.

திருத்தாமல், பல கருக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று இன்னொரு வழி விற்பனைக்கு வந்திருக்கிறது. 2019-ல் இதைக் கணக்கிட்டவர்கள் சொன்னது, ஒரு தம்பதியின் கருக்களில், மரபணுக்களை வைத்துப் போடுகிற மதிப்பெண் அதிகமானதை எடுத்தால் சராசரியைவிட இரண்டரை செ.மீ. உயரம், இல்லை இரண்டரைப் புள்ளி ஐ.க்யூ. கிடைக்கலாம். நெதர்லாந்து மக்கள் நூற்றைம்பது வருடத்தில் ஏறக்குறைய 20 செ.மீ. உயர்ந்தார்கள், பெரும்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் நோயில்லாத குழந்தைப் பருவமும்தான் காரணம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மனிதன் இரண்டு இனமாகப் பிரிவானா என்றும் கேட்பார்கள். அதற்குக் கலப்பே இல்லாத தனிமை வேண்டும், அதுவும் மிக நீண்ட காலம். டாஸ்மேனியாவைக் கடல் துண்டித்தபின் அங்கிருந்தவர்கள் பத்தாயிரம் வருடம்போலத் தனியாக இருந்தார்கள், வேறு இனமாக ஆகவில்லை. நியாண்டர்தால்கள் ஐந்து லட்சம் வருடம்போல விலகியிருந்தும் நம் முன்னோர்களோடு கூடிப் பிள்ளை பெற்றார்கள், அதனால்தான் அந்தத் துண்டு நம்மிடம் இருக்கிறது. இன்றைக்கு உலகம் முன்னெப்போதையும்விடக் கலந்துகொண்டிருக்கிறது. செவ்வாயில் ஒரு சின்னக் கூட்டம் குடியேறி, பூமியோடு தொடர்பு அறுந்து, 38 சதவீத ஈர்ப்பிலும் கதிர்வீச்சிலும் பல்லாயிரம் தலைமுறை பிழைத்தால் பிரியலாம். அந்த ஈர்ப்பில் ஒரு கரு ஒழுங்காக வளருமா என்பதே முதல் கேள்வி.

கேட்டது ஒரு லட்சம் வருடம், அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆயிரம் வருடம் கழித்து ஒரு கூட்டத்தைக் கண்முன் நிறுத்தினால், முகத்தையோ உடம்பையோ பார்த்து இவர்கள் எதிர்காலத்தவர் என்று சொல்ல முடியாது என்று நம்புகிறேன். ரத்தப் பரிசோதனையில் சில எண்கள் நகர்ந்திருக்கும், மாதவிடாய் நிற்கும் வயது தள்ளியிருக்கும், நாம் இன்னும் கேள்விப்படாத ஏதோ ஒரு வைரஸுக்கு எதிரான மாற்றம் பரவியிருக்கும். ஒரு லட்சம் வருடத்துக்கு, முன்னால் பார்ப்பதற்குப் பதில் அதே தூரம் பின்னால் பார்க்கலாம். இஸ்ரேலில் காஃப்ஸே குகையில் சுமார் ஒரு லட்சம் வருடம் பழைய புதைகுழிகள் இருக்கின்றன. எலும்புகள் நம் எலும்புகள் போலத்தான். அதில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று. மண்டையில் பலமாக அடிபட்டு ஆறிய தடம் இருக்கிறது, மூளையும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், ஆனாலும் அடிபட்ட பிறகு பல வருடம் அந்தப் பிள்ளை உயிரோடு இருந்திருக்கிறது. யாரோ சோறு ஊட்டியிருக்க வேண்டும், கையைப் பிடித்து நடத்தியிருக்க வேண்டும். இறந்தபோது மார்பின்மேல், கைகளுக்குப் பக்கத்தில், மான் கொம்பு வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.